மர மாதிரிக்குப் பசை: சிங்கப்பூர் ஈரத்தில் எது சொதப்பும்?

சிங்கப்பூரில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 சதவீதம் அளவுக்கு இறங்கும். இந்த ஈரம் எல்லாப் பசையையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பிவிஏ எனும் வெள்ளைப் பசையும் மஞ்சள் மரப்பசையும் தண்ணீரை இழந்து இறுகுபவை, ஈரக்காற்றில் தாமதமாகும். சூப்பர் குளூ ஈரத்தை எடுத்து இறுகுவது, அவசரப்படும். மரப்பசைப் போத்தலில் ‘கிளாம்ப் 30 நிமிடம்’ (இடுக்கியால் இறுக்கிப் பிடிக்கும் நேரம்) என்றிருந்தால் மழைநாளில் ஒரு மணி நேரம் விடுங்கள். 24 மணி நேரம் ஆகும்வரை இணைப்புக்குப் பாரம் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் சூப்பர் குளூ என்பதுதான் பரவலான தவறு. பால்சா எனும் இலேசான, மென்மையான மரத்தில் அது உள்ளே ஊறிக் கெட்டியாகிவிடும். உப்புத்தாள் போட்டால் சுற்றியுள்ள மரம் தேய்ந்து பள்ளமாகும், பசைக்கோடு மட்டும் மேடாக நிற்கும். சாயமும் அங்கே ஏறாது. போதாக்குறைக்கு, அந்த இணைப்பு அதிர்ச்சி தாங்காது, சட்டென முறியும். ஈரக்காற்றில் பசையின் ஆவி இணைப்பைச் சுற்றி வெள்ளையாகப் படியும். தெளிந்த பிளாஸ்டிக் ஜன்னல் இப்படி மங்கினால் பார்க்கச் சகிக்காது. அதற்கு வெள்ளைப் பசையே போதும். சூப்பர் குளூதான் வேண்டுமென்றால் பிற்பகலில், சிறு சொட்டாக, காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். சிந்தியதைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். சூடேறி விரலைச் சுடும்.

சூப்பர் குளூவில் பெரிய போத்தல் மலிவென்று வாங்குவதும் வீண். திறக்காத போத்தலைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் வியர்த்துப் பசை கெடும். அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பாது. இரண்டு முகங்களும் நன்றாகப் பொருந்த வேண்டும். அதற்காகக் கிளாம்பை வெறியோடு முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. 1 மில்லிமீட்டர் பால்சாத் தகட்டின் ஒரு பக்கம் மட்டும் தாராளமாகப் பூசினால் தகடு வளையும். மெல்லியதாகப் பூசி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே தட்டையான பாரம் வையுங்கள். காட்சிக்கு வைக்கும் மாதிரிக் கப்பலுக்கு இந்தப் பசைதான் எங்கள் தேர்வு: பலகை கோணலாக ஒட்டிவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவி இளக்கிப் பிரித்துவிடலாம்.

தண்ணீரில் ஓடும் மாதிரிப் படகு வேறு கதை. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை நம்பி டைட்பாண்ட் 3 எனும் மரப்பசையை வாங்கி அடிப்பகுதியை ஒட்டுகிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழேயோ தொடர்ந்து மூழ்கும் இடத்திலோ அது கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அங்கே இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி, அதுவும் 5 நிமிட வகை அல்ல, மெதுவாக இறுகும் வகை. தேக்காக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடியே இருக்கட்டும்; சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (இறுக வைக்கும் பாகத்தை) கூட்டினால் கடைசிவரை பிசுபிசுக்கும்.