டிராஃபிக் விழுந்த முதல் பதினைந்து நாள்: செய்யக் கூடாதவை

போன் வருவது நின்றால்தான் நம்மூர் வியாபாரிகளுக்கு வெப்சைட் ஞாபகம் வரும். அதுவரை அது யாரோ ஒரு பையன் செய்து கொடுத்தது, வருஷத்துக்கு ஒரு தடவை டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் பணம் கட்ட வேண்டியது, அவ்வளவுதான். வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே கலவரம் ஆரம்பிக்கும். தலைப்பை மாற்று, ஹோம் பேஜை மாற்று, தேடலில் மேலே கொண்டுவர யாராவது எஸ்இஓ ஆளைப் பிடி, விளம்பரத்தில் காசைப் போடு. நான் பார்த்தவரைக்கும் முதல் அடியில் போனதைவிட, அதற்கப்புறம் பதினைந்து நாள் பதற்றத்தில் செய்த வைத்தியத்தில் போனதுதான் அதிகம்.

ஒரு கடையின் கதையைச் சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை விற்கும் கடை, பெயர் வேண்டாம். வைகாசியில் பழைய வெப்சைட்டைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனியில் விசாரிப்பு குறைந்தது, ஆடியில் கிட்டத்தட்ட நின்றே போனது. முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "ஆடியில யாரு தம்பி கல்யாணம் பண்றாங்க" என்று விட்டுவிட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் ஆடியில்தானே தேடுவார்கள்? முந்தைய வருஷத்துக் கணக்கைத் திறந்திருந்தால் அது அங்கேயே தெரிந்திருக்கும். ஆவணி பிறந்ததும் பயம் பிடித்தது. ஒரு ஏஜென்சிக்குப் பணம் கொடுத்தார், அவர்கள் எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் பேக்லிங்க், அதாவது வேறு சைட்டுகளிலிருந்து இந்த சைட்டுக்கு இணைப்பு, போட்டுக் கொடுத்தார்கள். எதுவும் அசையவில்லை. என்னிடம் வந்தபோது புரட்டாசி முடியப்போகிறது.

இதில் முதல் தவறு, என்ன விழுந்தது என்று பார்க்காமலே மருந்து தேடியது. சைட்டுக்குள் வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸ் ஒரு கணக்கு சொல்லும், கூகுள் தேடலில் உங்கள் சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் வேறொரு கணக்கு சொல்லும், இரண்டும் ஒன்றல்ல. அனலிடிக்ஸில் எண்ணிக்கை செங்குத்தாக விழுந்து, சர்ச் கன்சோலில் கிளிக் அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், எண்ணுகிற கருவிதான் கழன்றுவிட்டது. சைட்டின் தோற்றத்தை (தீம்) மாற்றும்போது அனலிடிக்ஸின் நிரல்வரி காணாமல் போவது சர்வ சாதாரணம். பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கணக்கெடுப்பதை நிறுத்தியபோது, அது தெரியாமல் "டிராஃபிக் பூஜ்யம் ஆயிடுச்சு சார்" என்று சிலர் அலறினார்கள்.

அப்புறம் சர்ச் கன்சோலிலேயே இம்ப்ரெஷன் ஒன்று, கிளிக் ஒன்று, சராசரி இடம் ஒன்று. தேடுகிறவருக்குக் கூகுள் காட்டும் முடிவுகளில் உங்கள் பக்கம் வந்தால் இம்ப்ரெஷன், அவர் தொட்டு உள்ளே வந்தால் கிளிக், அந்த முடிவுகளில் எத்தனையாவதாக வருகிறீர்கள் என்பதன் சராசரிதான் இடம். இம்ப்ரெஷனும் கிளிக்கும் சேர்ந்து விழுந்தால் கூகுள் உங்களைக் காட்டுவதையே குறைத்திருக்கிறது, அல்லது ஜனங்கள் தேடுவதே குறைந்திருக்கிறது. இம்ப்ரெஷன் மட்டும் விழுந்து கிளிக் அசையாமல் இருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். 2025 செப்டம்பரில் இப்படித்தான் நடந்தது. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டச் சொல்லும் வசதியைக் கூகுள் எடுத்துவிட, ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் கிளப்பிக்கொண்டிருந்த போலி இம்ப்ரெஷன்கள் நிறைய சைட்டுகளில் ஒரேயடியாக மறைந்தன. அந்த வாரம் ஹோம் பேஜைத் திருத்தி எழுதியவர்கள் இல்லாத வியாதிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

போன மாதத்தோடு ஒப்பிடுவது அடுத்த தவறு. சென்னையில் வியாபாரம் காலண்டர் பார்த்துத்தான் நடக்கிறது. வேளச்சேரியில் மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் செய்கிற ஒருவர் பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டு, டிசம்பரிலிருந்து விழுந்துகொண்டே வருகிறது, கூகுள் ஏதோ செய்துவிட்டது என்றார். கூகுள் ஒன்றும் செய்யவில்லை, மழை நின்றுவிட்டது. ஒழுகும்போதுதானே தேடுவார்கள். ஏசி சர்வீஸ்காரருக்குச் சித்திரை வைகாசி வெயில், துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி. ஆகவே போன வருஷத்து அதே நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது, பண்டிகை நகரும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 2024 நவம்பரை 2023 நவம்பரோடு வைத்துப் பார்த்த புடவைக் கடைக்குப் பாதி காணாமல் போனது போலத்தான் தெரியும், அதே பாதி அக்டோபரில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாள் என்று எடுத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் நீங்களாகவே அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பத்திரிகைக் கடைக்கு வருவோம். பழைய சைட்டில் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பக்கம், முகவரி டாட் பிஹெச்பி என்று முடியும். புதிய சைட்டில் எல்லாப் பக்கத்துக்கும் புது முகவரி. பழையதைத் தொட்டால் புதியதற்குப் போகும்படி யாரும் வழி போடவில்லை. கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டுப் பழைய ஷட்டரில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டாத மாதிரி. கூகுள் வந்து பார்க்கிறது, பக்கம் இல்லை, சில வாரம் பொறுத்துவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. இதைப் பின்னால் கவனித்த டெவலப்பர் ஒரு குறுக்குவழி செய்தார், எல்லாப் பழைய முகவரியையும் மொத்தமாக ஹோம் பேஜுக்குத் திருப்பிவிட்டார். இது ஏறக்குறைய எல்லோரும் செய்கிற தவறு. மயில் டிசைன் பத்திரிகையைத் தேடி வந்தவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், கூகுள் அதையும் "பக்கம் இல்லை" என்ற கணக்கில்தான் சேர்க்கும், சாஃப்ட் 404 என்பார்கள்.

செய்ய வேண்டியது அலுப்பான வேலை, ஆனால் கஷ்டமான வேலை இல்லை. சர்ச் கன்சோலில் விழுவதற்கு முந்தைய மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்து, கிளிக் வாங்கிய பக்கங்களின் பட்டியலை இறக்கினோம். ஒரு ஷீட்டில் இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் அதற்குச் சமமான புதிய பக்கம். எந்த முகவரி எந்த டிசைன் என்று எனக்குத் தெரியாது, பழைய வெப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் கடையின் மேஸ்திரி அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் நம்பர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்ற தகவல். இந்த ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம், அவை சோறா கேட்கின்றன?

இன்னொன்று அங்கேதான் அகப்பட்டது. சர்ச் கன்சோலில் தேடல் வகையை வெப் என்பதிலிருந்து இமேஜ் என்று மாற்றிப் பார்த்தால், இந்தக் கடைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி படத் தேடலில் வந்தவர்கள். பத்திரிகை வாங்குகிறவர் படத்தைத்தானே பார்ப்பார். புதிய சைட்டில் அழகுக்காகப் படங்களையெல்லாம் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல் ஷீட்டில் பின்னணியாகப் போட்டிருந்தார்கள். அப்படிப் போடும் படங்களைக் கூகுள் இண்டெக்ஸ் செய்யாது, அதாவது தன் தேடல் பட்டியலில் சேர்க்காது. மனிதக் கண்ணுக்குக் கடை ஜொலிக்கிறது, கூகுளுக்கு வெறும் சுவர். சாதாரண இமேஜ் டேகில் போட்டு, டிசைனின் பெயரைப் படத்துக்கான மாற்றுவரியாக (ஆல்ட் டெக்ஸ்ட்) எழுதிய பிறகுதான் அது சரியாகத் தொடங்கியது.

புது சைட் போட்ட வாரத்திலேயே டிராஃபிக் விழுந்தால் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சைட் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இன்னும் எளிது. செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இந்த சைட்டை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். வேலை நடக்கும்போது டிக் செய்துவிட்டு, திறப்பு விழாவன்று எடுக்க மறந்துவிடுவார்கள். தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் ஃபைலும் அப்படித்தான், டிஸ்அலோ என்ற சொல்லுக்கு எதிரே ஒற்றைச் சாய்கோடு நின்றால் கூகுள் எந்தப் பக்கத்தையும் படிக்க முடியாது. நீங்கள் ஆயிரம் கட்டுரை எழுதினாலும் அந்த ஒரு கோடு ஜெயிக்கும்.

இனி பேக்லிங்க். "கூகுள் பெனால்டி போட்டுடுச்சு" என்று யார் சொன்னாலும், சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கூகுள் ஆட்கள் யாரும் உங்கள் மீது கை வைக்கவில்லை. பத்திரிகைக் கடைக்காரருக்கு அந்த ஏஜென்சி முதலில் லிங்க் விற்றது, அது பலிக்காததும் உங்கள் சைட்டில் விஷ லிங்க் நிறைய இருக்கிறது, டிஸ்அவோ செய்து, அதாவது அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லித் தருகிறோம் என்று அதற்கும் ஒரு பில் நீட்டியது. கூகுள் 2012-இல் பென்குயின் அப்டேட் கொண்டுவந்தபோது கெட்ட லிங்குகள் சைட்டையே கீழே இழுத்தது உண்மை. 2016 செப்டம்பருக்குப் பிறகு அந்த முறை மாறி, அப்படிப்பட்ட லிங்குகளின் மதிப்பைக் கழித்துவிட்டுப் போகிறது. ஆக, அவர் காசு கொடுத்து வாங்கிய ஆயிரமும் காற்றில் போனது. டிஸ்அவோ என்பது லிங்குக்காக மேனுவல் ஆக்‌ஷன் வந்தவர்களுக்கு, அல்லது வரும் அளவுக்கு நிறைய வாங்கிக் குவித்தவர்களுக்கு. மற்றவர்கள் கை வைத்தால் நல்ல லிங்கையும் சேர்த்து வெட்டிக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம்.

கேட்டரிங்காரர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு வேறு மாதிரி. அடையாறில் கேட்டரிங், ஆலந்தூரில் கேட்டரிங், அம்பத்தூரில் கேட்டரிங் என்று ஏரியா பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கம் போடுவது. முன்பு இதற்கு ஆள் வைத்து எழுத வேண்டும், இப்போது ஏஐ ஒரு மதியத்தில் துப்பிவிடுகிறது. கூகுளின் ஸ்பேம் விதிகளில் இதற்கு டோர்வே என்று பழைய பெயரே உண்டு, போதாததற்கு 2024 மார்ச்சில் மொத்த உற்பத்தி உள்ளடக்கத்துக்கென்று தனியாக ஒரு விதியையும் சேர்த்தார்கள். அம்பத்தூரில் நிஜமாகவே சமைத்துப் போட்டிருந்தால் அந்த மண்டபம், அன்றைய மெனு, எத்தனை இலை, இலைக்கு என்ன ரேட் என்று எழுதி ஒரே ஒரு பக்கம் போடுங்கள். அது நிற்கும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு, பயத்தில் பழைய பக்கங்களை அழிப்பது. டிராஃபிக் வராத பக்கமெல்லாம் பாரம் என்று யாரோ சொன்னார்களாம், ஒரே ராத்திரியில் பாதி சைட்டைக் காலி செய்துவிட்டார் ஒருவர். சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவியில் சைட் முகவரியைப் போட்டு "ரீசெட்" ஆகும் என்று நம்பியவரையும் பார்த்திருக்கிறேன். அது உங்கள் சைட்டையே ஏறக்குறைய ஆறு மாதம் தேடலில் மறைத்துவிடும்! செய்திருந்தால் உடனே கேன்சல் பண்ணுங்கள்.

கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிய அளவில் மாற்றும் கோர் அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது தினமும் ரேங்க் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. 2024 மார்ச்சில் தொடங்கியது முடிய 45 நாள் ஆனது, அதற்குள் மேலே போனது கீழே வந்தது, கீழே போனது மேலே வந்தது. முடிந்து ஒரு வாரமாவது கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. இடம் இரண்டிலிருந்து நான்குக்கு நகர்ந்திருந்தால் பெரிதாக எதையும் கிளற வேண்டாம். நான்கிலிருந்து நாற்பதுக்குப் போயிருந்தால் பக்கத்தை ஒரு வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து படித்துப் பாருங்கள், விலை எங்கே, போட்டோ உங்களுடையதா, நீங்கள் யார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

இடம் அப்படியே இருக்கிறது, இம்ப்ரெஷனும் இருக்கிறது, கிளிக் மட்டும் தேய்கிறது என்றால் அது வேறு விஷயம். 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் ஏஐ ஓவர்வியூ வந்துவிட்டது, பதிலைக் கூகுள் மேலேயே சொல்லிவிடுகிறது. "வாட்டர்ப்ரூஃபிங் என்றால் என்ன" என்ற பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் குறைவார்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். வேளச்சேரிக்காரரிடம் கேட்டேன், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது போன் செய்திருக்கிறார்களா என்று. யோசித்துவிட்டு, "காலேஜ் பசங்க ப்ராஜெக்டுக்குக் கேட்டாங்க" என்றார். சதுர அடி ரேட் போட்ட பக்கத்தைத்தான் அவர் கவனிக்க வேண்டும்.

கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு "பெஸ்ட் இன் சென்னை" என்று ஒட்டவைப்பதையும் இந்தப் பதற்ற நாட்களில் செய்வார்கள். போர்டில் என்ன பெயரோ அதுதான் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள், அப்புறம் மேப்பில் வருகிற போனும் நின்றுபோகும். விளம்பரம் போட்டால் சாதாரணத் தேடலில் ரேங்க் ஏறும் என்பதும் கட்டுக்கதை. விளம்பரம் கொடுங்கள், வியாபாரம் நிற்கக் கூடாது, ஆனால் அது வாடகை, நிறுத்திய அன்றே போய்விடும்.

பத்திரிகைக் கடையில் ஐப்பசி முதல் வாரம் ரீடைரக்டுகளை ஏற்றினோம். கார்த்திகையில் டிசைன் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தலைகாட்டின, படத் தேடல் மட்டும் தை வரை இழுத்தது. எல்லாம் பழையபடி வரவில்லை, ஏழெட்டு மாதத்தில் வேறு கடைகள் அந்த இடங்களில் உட்கார்ந்துவிட்டன. அச்சடிப்பதையே நிறுத்திய சில டிசைன்கள் ஷீட்டில் வலது பக்கம் காலியாகவே இருந்தன. அவற்றை எங்கே திருப்புவது என்று டெவலப்பர் கேட்டார். எங்கேயும் வேண்டாம், இல்லை என்றே சொல்லட்டும் என்றேன். முதலாளி மட்டும் கடைசி வரை, "அந்த வெல்வெட் பிள்ளையாரை மட்டும் வெச்சிருங்க தம்பி, நாலு பேராவது கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு டிசைனை மறுபடி அடிக்கக் கொடுத்துவிட்டார், அதன் பக்கம் இப்போதும் இருக்கிறது.