ஹாஃபிஸைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினான்காம் நூற்றாண்டில் ஈரானின் ஷீராஸ் நகரில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸ். அவருடைய கஜல்களை, அதாவது ஈரடிக் கண்ணிகளால் ஆன பாடல்களை, தமிழாக்கி என்னிடம் காட்டும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெயர்களைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லியாயிற்று, விட்டுவிடுகிறேன்.

கண்ணிகளைக் கலைத்துப் போடுவது

‘ஷீராஸின் துருக்கி’ கஜலை ஒரு தம்பி தமிழில் அனுப்பியிருந்தார். (துருக்கி என்பது இங்கே நாடல்ல, துருக்கிய இனத்து அழகர்.) நடை அழகு. ஆனால் 9 கண்ணிகளில் 5தான் இருந்தன, அவையும் இடம் மாறி. கேட்டால், “ஹாஃபிஸ் ரேண்டமாகத்தானே எழுதுவார், எதை எங்கே வைத்தால் என்ன?” என்றார்.

இந்த ‘ரேண்டம்’ ஆங்கில அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் போட்டது. 1771இல் இதே கஜலை அவர் ஆங்கிலப் பாடலாக்கியபோது, கடைசியில் ‘கண்டபடி (at random) கோத்த கீழைநாட்டு முத்துகள்’ என்று எழுதினார். மூலத்தில் ‘கண்டபடி’ கிடையவே கிடையாது. கஜல் சொன்னாய், முத்துகளைத் துளையிட்டாய். வா ஹாஃபிஸ், இனிமையாகப் பாடு. உன் செய்யுள் மேல் வானம் கார்த்திகை மீன்களின் சரத்தை வாரி இறைக்கட்டும். அங்கே இருப்பது இவ்வளவுதான். இறைப்பது வானம், கவிஞர் கையில் இருப்பது முத்தைத் துளையிடும் நுணுக்கமான வேலை. செய்யுளுக்கு அவர் போட்ட ‘நஸ்ம்’ என்ற சொல்லுக்கே ஒழுங்காகக் கோப்பது என்றுதான் பொருள். அப்படிப்பட்டவரின் பாணிக்கு ‘ரேண்டம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அந்தத் தம்பி இழந்தது என்ன என்று பாருங்கள். முதல் கண்ணியில், ஷீராஸ் துருக்கி நம் மனத்தை ஏற்றால் அந்தக் கரிய மச்சத்துக்காக சமர்கண்டையும் புகாராவையும் தந்துவிடுவேன் என்கிறார். மூன்றாவதில், துருக்கியர் விருந்துப் பந்தியைச் சூறையாடுவது போல அழகர்கள் மனத்தின் பொறுமையைப் பறித்துப் போகிறார்கள். கடைசியில் வானமே அள்ளிக் கொடுக்கிறது. கொடை, கொள்ளை, மறுபடி கொடை. மூன்றாவது கண்ணியை எடுத்துவிட்டால் முதல் கண்ணியின் துருக்கி வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

கண்ணிகளின் வரிசை சுவடிக்குச் சுவடி மாறுகிறது, உண்மைதான். ஒவ்வொன்றும் தனித்து நிற்கக்கூடியது, அதுவும் உண்மை. அதற்காக நாமே கலைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. ஹாஃபிஸ் கவிதைகளுக்கு 1941இல் வந்த கஸ்வீனி–கனி பதிப்போ கான்லரி பதிப்போ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் வரிசையிலேயே முழுதாகச் செய்யுங்கள்.

கடைசிக் கண்ணியில் கவிஞர் பெயரை வெட்டுவது

வெட்டாதீர்கள்.

மதுவுக்கு ஒரே அர்த்தம் தேடுவது

எல்லா மதுவும் இறையருள் அல்ல. 1353இல் ஷீராஸைப் பிடித்த முபாரிஸுத்தீன் முஹம்மது மதுக்கடைகளை இழுத்து மூடியவர். அந்த ஊரில் மதுவைப் பாடுவதில் அரசியலும் உண்டு.

அவனா, அவளா

பாரசீகப் படர்க்கையில் ஆண்பால், பெண்பால் இல்லை. தமிழ் வினைமுற்று உடனே கேட்டுவிடும். அதனால் முடிந்தவரை வினைமுற்றைத் தள்ளிப்போடுங்கள். ‘ஏற்றால்’ என்பது எந்தப் பாலையும் காட்டாது. எச்சங்கள் நமக்குப் பெரிய துணை.

ரதீஃபைக் கைவிடுவது

ரதீஃப் என்பது ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் திரும்பத் திரும்ப வரும் சொல். தமிழில் வராது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கஜலின் ரதீஃப் ‘ரா’. நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. வினையை முன்னால் தள்ளினால் போதும்: ‘தருவேன் அந்த மச்சத்துக்கு, சமர்கண்டை, புகாராவை.’ அப்புறம் மீதி எட்டுக் கண்ணிகளையும் ‘வை’யில் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கஜலிலேயே ஜுலைகாவின் பெயர் வருவதால் ‘ஜுலைகாவை’ ஒன்று தானாகவே கிடைக்கும்.