எதிரெதிர் தெருக்களுக்கு நடுவே ஒரு செல்போன்: சமாதானத்துக்காகப் படம் எடுப்பது எப்படி?

மனஸ்தாபத்தில் இருக்கும் இரண்டு தெருக்காரர்கள் நேரில் உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஆனால் எதிர்த்தரப்பு ஆள் பேசும் மூன்று நிமிட வீடியோவைக் கடைசிவரை பார்ப்பார்கள். திரையில் பேசுபவரைக் குறுக்கே மறிக்க முடியாதே!

1967-ல் கனடாவின் ஃபோகோ தீவில் இதைச் செய்து பார்த்தார்கள். மீனவ ஊர்களைக் காலி செய்யும் பேச்சு அடிபட்ட நேரம். இயக்குநர் காலின் லோ இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்து, அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். பிரிந்து கிடந்த ஊர்களுக்குத் தங்கள் கவலை ஒன்றுதான் என்று புரிந்தது.

1. கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"தப்பு யார் மேல்?" என்று ஆரம்பித்தால் அத்தோடு சரி. குடிநீர்க் குழாயை வைத்துத் தகராறு என்றால், "தண்ணீர் வராத நாளில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் அதே கேள்வி, அதே அளவு நேரம்.

2. சம்மதம்

யார் பார்ப்பார்கள், எங்கே காட்டுவீர்கள் என்பதைப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேசி முடித்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். பேச்சு வேகத்தில் சொன்னதை நினைத்துப் பலர் பிறகு பயப்படுவார்கள்.

3. படப்பிடிப்பு

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். படுக்கைவாட்டில் பிடியுங்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

முகம் காட்டப் பயப்படுபவரைக் கட்டாயப்படுத்தவே கூடாது. யூடியூபில் முகத்தை மங்கலாக்கும் வசதி 2012-லேயே வந்துவிட்டது. ஆனால் மங்கலாக்காத மூலப்பதிவு உங்கள் போனில் இருக்குமே, அது தவறான கையில் சிக்கினால்? அதனால் முகத்தைப் பதிவு செய்யாமல், கைகளை மட்டும் எடுங்கள். சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருக்கும் விரல்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது சட்டென்று நின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் முகம் எதற்கு? குரலை வைத்தே அடையாளம் தெரிந்துவிடும் என்றால், அவர் சொன்னதை வேறொருவர் படிக்கட்டும்.

4. எடிட்டிங்

வீடியோவை வெட்டி ஒட்டும் ஏதாவது ஒரு செயலி போதும். சோக இசை வேண்டாம். பேச்சின் நடுவே வெட்டி அர்த்தத்தை மாற்றிவிடாதீர்கள்.

5. திரையிடல்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதலில் பேசியவருக்கே காட்டுங்கள். "இதை எடுத்துவிடுங்கள்" என்றால் எடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள். பிறகு அந்தந்தத் தெருவில் தனித்தனியாக, எதிர்த்தரப்பின் படத்தைப் போடுங்கள். இரண்டு பக்கமும் "சேர்ந்து பார்க்கலாம்" என்று சொன்ன பிறகே பொதுத் திரையிடல். இரு தரப்புக்கும் வேண்டிய ஒருவர் பேச்சை நடத்தட்டும். படம் முடிந்ததும் உடனே மைக்கை நீட்டாதீர்கள். ஒரு நிமிடம் அமைதி இருக்கட்டும். பிறகு, "இதில் உங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே பத்து வினாடித் துண்டாக வெட்டப்பட்டு, அதே படம் வம்பை மூட்டிவிடும்.

6. அடுத்த படம்

போனை அவர்கள் கையில் கொடுங்கள். இந்தத் தெருவிலிருந்து ஒருவர், அந்தத் தெருவிலிருந்து ஒருவர். கேள்வியை அவர்களே எழுதட்டும்.