ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம்: விண்ணப்பிக்கும்போதும் ஆய்வைத் தொடங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கிட்டத்தட்ட 19 பாகை தெற்கு அட்சரேகையில் இருக்கிறது டவுன்ஸ்வில். 1961இல் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாக அங்கே தொடங்கியது, 1970இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் என்ற தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பவளப்பாறை, மழைக்காடு, கொசுவழி நோய்கள், வெப்பநிலத்துக் கால்நடை, ஒதுக்குப்புற ஊர்களுக்கான மருத்துவம் ஆகியவையே அதன் பலம். உலக மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வெப்பமண்டலத்தில் வாழ்கிறார்கள். அந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றாக எடுத்து ஆராய்ந்த ‘வெப்பமண்டலங்களின் நிலை’ அறிக்கை 2014 ஜூன் 29 அன்று வெளியானது. 12 ஆய்வு நிறுவனங்களைச் சேர்த்து அந்தப் பணியை ஒருங்கிணைத்தது இந்தப் பல்கலைக்கழகம்தான். பிறகு ஐ.நா. பொதுச்சபை அந்த நாளையே வெப்பமண்டல நாளாக அறிவித்தது.

தமிழ்நாடும் இலங்கையும் முழுக்க வெப்பமண்டலத்துக்குள் இருப்பதால், இங்கிருந்து போகிறவர்களுக்கு அங்கே கற்பது ஊருக்கு நேரடியாகப் பயன்படும். ஆனால் பெரும்பாலானோர் இதை மற்றுமொரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாக மட்டும் பார்க்கிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்தப் பார்வையிலிருந்து பிறப்பவை. அங்கே இடமும் பருவமும்தான் ஆய்வுக்கூடம். அவற்றைப் பார்க்காமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் பணமும் வருடமும் வீணாகும்.

தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்ப்பது

ஒட்டுமொத்த உலகத் தரவரிசையில் இது முதல் நூறுக்குள் வராது. அதைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் கடல் உயிரியலில் உலகின் முன்வரிசை ஆய்வாளர்கள் பலர் பணியாற்றிய இடத்தை ஒதுக்குகிறார்கள். மறுபுறம், ‘கடலுக்குப் பேர்போன இடம்’ என்று கேள்விப்பட்டு அங்கே போய்க் கணினியோ கணக்கியலோ படிக்கிறவர்களும் உண்டு. அந்தப் படிப்புகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே பாடம் வேறு பல நகரங்களிலும் கிடைக்கும். அங்கே மட்டுமே கிடைப்பது வேறு.

அங்கே மட்டும் கிடைப்பதைப் பாருங்கள். கெய்ர்ன்ஸுக்கு வடக்கே கேப் டிரிபுலேஷனில் டெயின்ட்ரீ மழைக்காட்டு ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 47 மீட்டர் உயரக் கட்டுமானக் கிரேன் ஒன்று காட்டுக்குள்ளேயே நிற்கிறது. கூண்டில் ஏறினால் மர உச்சியின் இலையைக் கிளையிலிருந்து வெட்டாமலே அளக்கலாம். பெரும்பாலான காட்டு ஆய்வுகளுக்கு எட்டாத உயரம் அது. பாம் தீவுக் கூட்டத்தில் ஆர்ஃபியஸ் தீவு ஆய்வு நிலையம், சார்ட்டர்ஸ் டவர்ஸ் அருகே கால்நடைப் பண்ணை ஆய்வு நிலையம், டவுன்ஸ்வில்லுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம், நகருக்குள்ளேயே பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடல் பூங்கா ஆணையத்தின் தலைமையகம். உங்கள் படிப்பு இவற்றில் ஒன்றையாவது தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் வேறு ஊர்களையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வளாகம் என்று கேட்காமல் சேர்வது

டவுன்ஸ்வில், கெய்ர்ன்ஸ், சிங்கப்பூர் மூன்றும் ஒரே பெயரைத் தாங்கியவை. டவுன்ஸ்வில்லுக்கும் கெய்ர்ன்ஸுக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர். சென்னை, திருச்சி தூரத்தை விடச் சற்று அதிகம். கால்நடை மருத்துவமும் கடல் உயிரியலும் டவுன்ஸ்வில்லில், பல் மருத்துவம் கெய்ர்ன்ஸில். அனுமதிக் கடிதத்தில் வளாகத்தின் பெயரைப் படித்த பிறகே வீடு பாருங்கள்.

இயற்கையும் இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல. கெய்ர்ன்ஸில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. டவுன்ஸ்வில்லில் சுமார் 1,100 தான், சென்னையை விடக் குறைவு. கெய்ர்ன்ஸுக்குத் தெற்கே 1,600 மீட்டர் அளவுக்கு உயரும் மலைகள் கடலை ஒட்டி எழுந்து, தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மறிக்கின்றன. டவுன்ஸ்வில் கரையோ அந்தக் காற்றுக்கு ஏறக்குறைய இணையாக ஓடுவதால் காற்று மழையைத் தராமல் கடந்துபோகிறது. ஆகவே மழைக்காட்டு ஆய்வுக்கு டவுன்ஸ்வில்லில் தங்குவதும், வறள்நிலப் புல்வெளி ஆய்வுக்குக் கெய்ர்ன்ஸில் தங்குவதும் வாரந்தோறும் பயணத்தில் கரையும் ஏற்பாடு.

சிங்கப்பூர் வளாகம் 2003இல் தொடங்கியது. பட்டம் ஒன்றே, செலவும் தூரமும் குறைவு என்று பலர் அங்கே சேர்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ‘ஆஸ்திரேலியப் பட்டம்தானே, முடித்ததும் ஆஸ்திரேலியாவில் வேலை விசா கிடைக்கும்’ என்று கணக்குப் போடுவது பெருந்தவறு. படிப்புக்குப் பிந்தைய விசாவுக்கு ஆஸ்திரேலிய மண்ணில், பதிவுபெற்ற படிப்பில், குறைந்தது 92 வாரப் பாடநெறியை 16 மாதங்களுக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் கழித்த காலம் அந்தக் கணக்கில் சேராது. இடையில் மாற்றிக்கொண்டு போகிறவர்கள், மீதமிருக்கும் பாடங்கள் 92 வாரத்துக்கு வருமா என்று மாற்றத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

பருவத்தைத் தலைகீழாகப் போடுவது

ஆய்வு மாணவர்களுக்கு மிக அதிக இழப்பைத் தருவது இதுதான். வட குவீன்ஸ்லாந்தின் மழைக்காலம் ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதில் டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழை. புயலும் அப்போதுதான்: 2011 பிப்ரவரியில் யாசி, 2023 டிசம்பரில் ஜாஸ்பர். 2019 பிப்ரவரியில் டவுன்ஸ்வில்லே வெள்ளத்தில் மூழ்கியது. வருகிறவர்கள் பலர் முதல் பருவத்தில், அதாவது பிப்ரவரி, மார்ச்சில் வந்திறங்குகிறார்கள். உடனே களப்பணிக்குத் திட்டமிட்டால் மண்சாலை மூடியிருக்கும், படகு கிளம்பாது, ஆற்றோரக் கருவி அடித்துப்போகும். இன்னொரு பக்கம், சாலை திறந்திருக்கும் மே முதல் அக்டோபர் வரை மட்டும் தரவு சேகரித்துவிட்டு ‘ஆண்டு முழுமைக்குமான’ முடிவு எழுதுவதும் நடக்கிறது. மழையில் முட்டையிடும் தவளையும் வெள்ளத்தில் மட்டும் கடலுக்கு வரும் வண்டலும் அந்தத் தரவில் இருக்கவே இருக்காது. சரியான வழி, மழைக்கு முன்பே அக்டோபரில் தானாகப் பதிவுசெய்யும் கருவிகளை வெள்ளக்கோட்டுக்கு மேலே பொருத்திவிடுவதும், மின்கலத்தைக் குறைந்தது ஆறு மாதத்துக்குக் கணக்கிடுவதும்.

பவளத்தில் இந்தத் தவறின் விலை ஒரு முழு ஆண்டு. டவுன்ஸ்வில் கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் மாக்னெடிக் தீவில்தான், 1980களின் தொடக்கத்தில், இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் பவளங்கள் கூட்டமாக ஒரே இரவுகளில் முட்டையும் விந்தும் வெளியிடுவதைக் கண்டறிந்தார்கள். கட்டுரை 1984இல் வெளியானது. வசந்தகாலத்தில் நீர் சூடேறிய பிறகு, முழுநிலவுக்குப் பின் வரும் சில இரவுகளில், பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து ஆறாம் இரவுக்குள் அது நடக்கிறது. கரையோரத் திட்டுகளில் அக்டோபர் முழுநிலவையொட்டி, வெளித்திட்டுகளில் பெரும்பாலும் அதற்கு ஒரு மாதம் கழித்து. பொழுது சாய்ந்தபின் விளக்கைச் சிவப்புத்தாள் போட்டு மங்கலாக்கிப் பார்த்தால், பாலிப் எனப்படும் ஒவ்வொரு பவளச் சிற்றுயிரின் வாயிலும் இளஞ்சிவப்பாக ஒரு சிறு உருண்டை வந்து உட்கார்ந்திருக்கும். அரைமணிபோல அப்படியே நிற்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டு மேலே மிதக்கும். முட்டையும் விந்தும் சேர்ந்த பொட்டலம் அது. அந்தச் சில இரவுகளைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். ஆகவே பிப்ரவரியில் சேர்ந்து, நவம்பரில் ‘இனி படகு பதிவு செய்யலாம்’ என்று நினைக்கிறவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். படிப்பில் சேர்ந்த முதல் வாரமே நிலவு நாள்காட்டியை எடுத்து, இரண்டு மாத முழுநிலவுகளுக்கும் நிலையத்தில் இடம் கேட்டுவையுங்கள். முழுநிலவு மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும் ஆண்டுகளில் பவளங்கள் இரு மாதங்களாகப் பிரிந்தும் முட்டையிடும்.

ஒரு சிறு குறிப்பு. பொழுதுபோக்கு டைவிங் சான்றிதழ் இருந்தால் ஆய்வுக்காக மூழ்கலாம் என்று நம்பி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அறிவியல் டைவிங் தொழில்சார் பாதுகாப்புத் தரத்துக்குள் வருகிறது. அதற்கென மருத்துவப் பரிசோதனை, பதிவேடு, கூடுதல் பயிற்சி எல்லாம் வேண்டும். டைவிங்கே தெரியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மரபணு, மீன்வளத் தரவு, நீர்வேதியியல், செயற்கைக்கோள் படம் என்று கடல் உயிரியலின் பெரும்பகுதி கரையிலேயே நடக்கிறது.

நெறியாளருக்குப் பொதுக் கடிதம் அனுப்புவது

முனைவர் பட்டத்துக்கு நுழைவுத்தேர்வு எழுதிவிட்டு நெறியாளருக்காகக் காத்திருக்கும் நம் ஊர் வழக்கம் அங்கே இல்லை. முதலில் நெறியாளர் ஒப்புக்கொள்ள வேண்டும், விண்ணப்பம் பிறகு. ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் ஐம்பது பேரும் அழித்துவிடுவார்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடுபட்ட ஒரு கேள்வியை இரண்டு வரியில் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த முறை கைவந்தது, எந்த மென்பொருள் தெரியும், எந்த இடத்துத் தரவு உங்களிடம் இருக்கிறது என்பது அடுத்த நான்கு வரி. உதவித்தொகை வேண்டுமா, சொந்தச் செலவா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அரசின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகையில் 2025க்கான அடிப்படை ஆண்டுத்தொகை 33,500 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல். போட்டி கடுமை, வெளிவந்த கட்டுரை ஒன்று பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

நம் ஊரில் நடக்கும் வேலையோடு இணைத்துக் காட்டினால் கடிதம் தனித்து நிற்கும். உதாரணத்துக்கு டெங்கு. 2011 ஜனவரியில் கெய்ர்ன்ஸ் பகுதியில் யார்க்கீஸ் நாப், கார்டன்வேல் என்ற இரு இடங்களில் வொல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் எகிப்தி கொசுக்களை விட்டார்கள். அந்தப் பாக்டீரியா கொசுவின் உடலுக்குள் டெங்கு வைரஸைப் பெருக விடாது. தாய்க்கொசுவின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும். பின்னர் டவுன்ஸ்வில் நகரம் முழுக்கவும் செய்தார்கள், உள்ளூர்ப் பரவல் அடங்கியது. புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் அதே பாக்டீரியாவை ஏற்றிய கொசு வகைகளை உருவாக்கியிருக்கிறது. இந்த இணைப்பைத் தெரிந்து எழுதுகிறவருக்கும் ‘எனக்குத் தொற்றுநோயில் ஆர்வம்’ என்று எழுதுகிறவருக்கும் உள்ள தூரம் அதிகம்.

மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு போவது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைக் குவீன்ஸ்லாந்துப் பவளத்தோடு ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் நல்ல ஆய்வுக் கேள்வி. ஆனால் மண்டபம் கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக் கூடத் தொட்டு எடுக்க முடியாது. கடினப்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நாட்டெல்லை தாண்டினால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பும் பொருந்தும். செடி, மண், பூச்சி என்று வேறெந்த உயிரி வளமானாலும் ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002ஆம் ஆண்டு உயிரிப் பன்மையச் சட்டத்துக்குள் வருகிறது. அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியப் பக்கம் உயிரிப் பாதுகாப்பு இறக்குமதி அனுமதி தனி. இரு பக்கமும் முடிய மாதக்கணக்காகும். அனுமதி இல்லாத மாதிரியிலிருந்து எடுத்த தரவை நல்ல ஆய்விதழ்கள் ஏற்கா.

சொந்தப் பெட்டிக்கும் இதே கண்டிப்பு. கறிவேப்பிலை, விதை, ஊறுகாய், பால் பொருள் எதுவாயினும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறியுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பறித்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

மண்ணுக்கு உரியவர்களைக் கேட்காமல் இறங்குவது

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வெறும் படிவமாக நினைத்து, கடைசி மாதத்தில் நிரப்புகிறார்கள். பூர்வகுடி மக்களின் நிலத்திலோ கடலிலோ, அவர்களைப் பற்றியோ ஆய்வு என்றால், கேள்வியை வடிவமைக்கும்போதே அவர்கள் உடனிருக்க வேண்டும். தரவு யாருக்குச் சொந்தம், முடிவு யாரிடம் முதலில் போகும் என்பதும் அப்போதே பேசப்பட வேண்டும்.

டவுன்ஸ்வில் வளாகத்துக்கு அதில் தனிக் கடமை உண்டு. டோரஸ் நீரிணையின் மேர் தீவைச் சேர்ந்த எட்டி மாபோ இங்கே தோட்டக்காரராக வேலை பார்த்தார். தன் குடும்ப நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தமாகக் கருதப்படுகிறது என்பது இங்கிருந்த வரலாற்று ஆசிரியர்களோடு பேசும்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. 1981இல் இங்கே நடந்த நில உரிமை மாநாட்டிலிருந்து வழக்கு உருவானது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ‘ஹை கோர்ட்’ பூர்வகுடி நில உரிமையை ஏற்றது. அவர் அதே ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்டார். டவுன்ஸ்வில் நூலகம் அவர் பெயரைத் தாங்குகிறது.

மருத்துவம், விசா: சுருக்கமாக

ஜேம்ஸ் குக்கில் மருத்துவம் ஆறாண்டு இளநிலைப் படிப்பு. பிற ஆஸ்திரேலிய மருத்துவக் கல்லூரிகள் பல கேட்கும் யூகேட் நுழைவுத்தேர்வைக் கேட்பதில்லை என்பதால் எளிது என்று எண்ணாதீர்கள். எழுத்துமூல விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் கிராமப்புற, வெப்பமண்டல, பூர்வகுடி நலவாழ்வில் உங்களுக்கு மெய்யான ஈடுபாடு இருக்கிறதா என்று துருவுவார்கள். படிப்பின்போது சிற்றூர்களில் பல வாரங்கள் தங்கிப் பயில வேண்டும். திரும்பி வந்து இந்தியாவில் மருத்துவம் பார்க்க எண்ணமிருந்தால், போகுமுன் நீட் தேறியிருக்க வேண்டும். இதை மறந்து போனவர்களுக்குப் பின்னால் பரிகாரம் இல்லை.

மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்பாது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். பாடக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை. ‘ஏன் இந்தப் படிப்பு, ஏன் இங்கே’ என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 150 சொல் எல்லை. ஏஜென்ட் தரும் வார்ப்புப் பதில் அங்கே எடுபடாது.

களத்தில் உயிரோடு விளையாடுவது

நவம்பர் முதல் மே வரை கடலில் பெட்டி ஜெல்லிமீனும் இருகாஞ்சி என்ற சிறு ஜெல்லிமீனும் இருக்கும். உடலை மூடும் உடை இல்லாமல் இறங்கக் கூடாது. கொட்டினால் மணலால் தேய்ப்பதும் நன்னீர் ஊற்றுவதும் வெடிக்காத கொட்டணுக்களை வெடிக்கவைக்கும். வினிகரைக் குறைந்தது 30 நொடி ஊற்றி, பிறகு இழைகளை எடுத்து, அவசர உதவியை அழையுங்கள். மூச்சோ துடிப்போ நின்றால் உடனே இதய இயக்க முதலுதவி. களப்பெட்டியில் வினிகர் புட்டி நிறைந்திருக்கிறதா என்று கிளம்பும் காலையில் பாருங்கள். ஆற்றங்கரையில் நீர்விளிம்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தினமும் ஒரே இடத்தில் வலையைக் கழுவினால் முதலை அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளும்.

மழைக்காலச் சேற்றில் வெறுங்காலோடு நடப்பது நம் ஊர்ப் பழக்கம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் மெலியாய்டோசிஸ் டவுன்ஸ்வில்லில் மழைக்குப் பின் தலைகாட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு, பல நேரம் காசநோயாகத் தவறாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை, காயத்துக்கு நீர்புகாத ஒட்டுத்துணி. களப்பணிக்குப் பின் காய்ச்சல் வந்தால், எந்த மண்ணில் எப்போது வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.