ஏஎல் பௌதிகம்: ஆய்வுகூடம் இல்லாவிட்டால் அட்டையில் ஒரு வேணியர்

விசுவமடு, உடையார்கட்டுப் பக்கம் ஏஎல் (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டமும் கடந்தகால வினாத்தாள்களும் கையில் இருக்கும்தானே.

முதலில் ஒரு முழுப் பல்தேர்வுத் தாளை மணிக்கூடு வைத்துச் செய்வியுங்கள். 50 வினா, 2 மணித்தியாலம், கல்குலேற்றர் கிடையாது. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. பிழைத்ததை அலகு வாரியாகக் கொப்பியில் எழுதட்டும். திருத்துவதற்கு, கடையில் விற்கும் விடைப் புத்தகத்தை விடப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டமே நல்லது. எந்த வரிக்குப் புள்ளி என்று அதில்தான் தெரியும்.

அடுத்தது இரண்டாம் தாளின் அமைப்புக் கட்டுரை. நான்கு வினாவும் கட்டாயம், பெரும்பாலும் செய்முறையை ஒட்டியே வரும். கருவியைத் தொட்டே பாராத பிள்ளை இங்கேதான் புள்ளியை விடுகிறது. அதனால் சின்ன நீளங்களைத் துல்லியமாக அளக்கும் வேணியர் இடுக்கியை நாமே செய்வோம்.

பிறிஸ்டல் அட்டையில் நீளமான ஒரு துண்டு வெட்டி, இடது முனையில் கொஞ்சம் இடம் விட்டுப் பூச்சியம் போட்டு, 1 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாகக் கீறுங்கள். இது தலைமை அளவிடை. அதன்மேல் வழுக்கும் சின்னத் துண்டில் 9 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் பத்துப் பிரிவு, இதுதான் வேணியர். இழிவெண்ணிக்கை, அதாவது இதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 சென்ரிமீற்றர். தலைமைத் துண்டின் பூச்சியத்தில் நிலையான தாடையைப் பின்பக்கமாக ஒட்டுங்கள், அப்போதுதான் வேணியர் தடையில்லாமல் வழுக்கும்.

இனித்தான் முக்கியம். அசையும் தாடையை வேணியரின் பூச்சியத்தில் ஒட்டாமல், வேண்டுமென்றே 3 மில்லிமீற்றர் வலப்பக்கம் தள்ளி ஒட்டுங்கள். இரண்டு தாடையையும் சேர்த்தால் வேணியரின் பூச்சியம் தலைமைப் பூச்சியத்துக்கு இடப்பக்கம் நிற்கும், வேணியரின் ஏழாவது கோடு தலைமை அளவிடையின் ஒரு கோட்டோடு பொருந்தும். தாடைகள் சேர்ந்திருக்கும்போது கருவி காட்டும் வாசிப்புத்தான் பூச்சிய வழு. பிள்ளைகள் உடனே "பூச்சிய வழு 0.7 சேர்" என்பார்கள். இல்லை. வேணியரின் பூச்சியம் −1க்கும் 0க்கும் இடையில் நிற்கிறது, ஆகவே −1 + 0.7 = −0.3. இப்போது 4.2 சென்ரிமீற்றர் நீளமான அழிறப்பரை அளக்கச் சொல்லுங்கள். வாசிப்பு 3.9 வரும். −0.3ஐக் கழித்தால் 4.2. அடிமட்டத்தை வைத்து அவர்களே சரிபார்க்கட்டும். கரும்பலகையில் எத்தனை தரம் கீறிக் காட்டினாலும் இந்தத் தெளிவு வராது.

இன்னொன்று. "எங்களுக்குக் கோட்டா இருக்குத்தானே" என்று பெற்றோர் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு. ஆனால் மாவட்டத்துக்குள்ளும் இசட் புள்ளி (பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடும்படி தரப்படுத்திய புள்ளி) வரிசைதான். பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையோடுதான் போட்டி.

பிற்சேர்க்கை: கம்பியின் விட்டம் போன்ற மிகச் சிறிய அளவுகளை அளக்கும் திருகுக் கணிச்சியையும் அட்டையில் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியாது, திருகின் புரி இல்லாமல் அதில் விளங்க ஒன்றுமில்லை. ரவுணில் லேத் வேலை செய்யும் பட்டறையில் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் படிக்கத்தான் என்றால் அநேகமாகக் கையில் தந்து காட்டுவார்கள். போகும்போது அளந்து பார்க்க ஒரு செப்புக் கம்பித் துண்டும், குறித்துக்கொள்ளக் கொப்பியும் கொண்டு போங்கள்.