சீன மொழியில் நிறங்கள்: பலரும் சறுக்கும் இடங்கள்

சீனம் கற்கத் தொடங்கியதும் நிறப் பெயர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வோம். சிவப்புக்கு ஹோங், மஞ்சளுக்கு ஹுவாங், பச்சைக்கு ல்யூ, நீலத்துக்கு லான். சட்டை வாங்க இது போதும். அதைத் தாண்டினால்தான் சறுக்கல்.

பெரிய சறுக்கல் 'சிங்' என்ற சொல்லில். அகராதியைப் புரட்டிவிட்டு நீலம் என்றோ பச்சை என்றோ ஒன்றை முடிவு கட்டிவிடாதீர்கள். புல்லோடு சேர்ந்தால் அது பச்சை, வானத்தோடு சேர்ந்தால் நீலம். பழைய கவிதையில் கூந்தலை 'சிங் பட்டு நூல்' என்றால் கறுப்பு! பீங்கானில் இது பளிச்சென்று தெரியும். லுங்சுவான் சூளைகளின் புகழ்பெற்ற சிங் பீங்கான் இளம்பச்சை மெருகு கொண்டது. ஜிங்தேஜென் நகரத்து 'சிங் பூ' பீங்கானிலோ வெள்ளைப் பரப்பில் பூவேலை எல்லாம் கோபால்ட் நீலம். இளமைக்கும் சிங்தான். இது நமக்குப் புதிதல்ல, பச்சைக் குழந்தை என்கிறோமே.

இதை வைத்து, 'சீனர்களுக்குப் பச்சையும் நீலமும் பிரித்துத் தெரியாது' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அபத்தம். கண்ணில் குறை இல்லை, சொல்லின் எல்லைதான் வேறு. இன்றைய பேச்சில் ல்யூவும் லானும் தெளிவாகவே பிரிந்திருக்கின்றன. லான் என்பது முதலில் நீலச்சாயம் தரும் செடியின் பெயர். 'லானிலிருந்து எடுத்த சிங், லானைவிட அதிகச் சிங்' என்றார் கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் சுன்ட்சி. குருவை மிஞ்சிய சீடனைப் பற்றிப் பேச இன்றும் இந்தத் தொடர்தான்.

அப்புறம் தேநீர். பால் சேர்க்காத டீயைக் கறுப்பு டீ என்று நினைத்து, கறுப்புக்கான 'ஹெய்' சொல்லைப் போட்டுக் கேட்டால், யுன்னானின் பூஅர் போல நொதிக்க வைத்த வேறு வகைத் தேயிலை வரும். நாம் குடிக்கும் வழக்கமான டீ அவர்களுக்கு ஹோங், அதாவது சிவப்பு. வடித்த சாற்றின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். பழுப்புச் சர்க்கரையும் ஹோங்தான். பழுப்பு மாடோ ஹுவாங், மஞ்சள். பழுப்புக்கென்று தனியாகச் சொல்ல வேண்டுமானால் பனை நார் நிறம், காபி நிறம் என்று ஒரு பொருளைக் காட்டிச் சொல்வார்கள்.

பழைய நூல்களில் இன்னொரு கண்ணி. கி.பி. 100ஐ ஒட்டித் தொகுத்த ஷுவோவென் அகராதி, ஹோங் என்பதை வெண்மை கலந்த சிவப்புப் பட்டு என்கிறது. இளஞ்சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முழுச் சிவப்புக்கு அன்று இருந்த சொல் 'ச்சி'.

சரி, வழக்கில் ஏறிய பொருள்களுக்கு வருவோம். ஹுவாங் படம் என்றால் நாம் நீலப்படம் என்பது. ஆணுக்குப் பச்சைத் தொப்பி மட்டும் பரிசளித்துவிடாதீர்கள், மனைவி ஏமாற்றுகிறாள் என்று பொருளாகிவிடும். ஷாங்காய் பங்குச்சந்தைத் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம், விலை ஏறுகிறது. ஹாங்காங் திரை சிவந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பதறலாம், அங்கே சிவப்புதான் இறக்கம்.