வீட்டு நாயையும் பூனையையும் கயோட்டியிடமிருந்து காப்பது எப்படி? ஸ்காபரோ வளவுகளுக்கான செய்முறை

கடந்த பெப்ரவரியில் ஒரு நாள், விடிவதற்கு முன்னர், ஆறு கிலோ எடையுள்ள எங்கள் நாயை, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் விட்டுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு கீச்சொலி கேட்டது. கதவைத் திறந்தபோது கயோட்டி என்னும் ஓநாய் போன்ற சாம்பல் நிறக் காட்டுவிலங்கொன்று அவனைக் கழுத்துப்பட்டியோடு சேர்த்துக் கவ்வியிருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடியதும் அவனைப் போட்டுவிட்டு வேலியைக் கடந்து ஹைலண்ட் கிறீக் ஓடைப் பக்கமாகப் போய்விட்டது. நாய் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வேலியில் கயோட்டி ஏறாதிருக்கச் சுழலும் உருளையை நான் மூன்று மாதங்களுக்கு முன்னரே பொருத்தி முடித்திருந்தேன் என்பதுதான் என்னை உறுத்தியது. அந்தத் தவறு எங்கே நேர்ந்தது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். மற்றப் படிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

படி 1: வந்தது எது என்று அறிதல்

நம்மவர்கள் பலர் இதனை நரி என்று சொல்லிவிட்டு அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ரொறன்ரோவில் செந்நரியும் உண்டு. அது பெரும்பாலும் நான்கு முதல் ஏழு கிலோ எடையுள்ளது, கால்கள் கறுத்திருக்கும், வால் நுனி வெள்ளையாக இருக்கும். ஒன்ராறியோவின் கயோட்டி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ளது, ஓநாயின் மரபணுக் கலப்பும் கொண்டது. வால் நுனி கறுப்பு, ஓடும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். செந்நரி சிறு நாயைக் கண்டால் பெரும்பாலும் விலகிப்போகும், கயோட்டியோ அதே நாயைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது.

ஜனவரி முதல் மார்ச் வரை அவற்றின் இணைசேரும் காலம், ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கும். இந்த மாதங்களில் நாயை இரையாக மட்டுமன்றித் தன் எல்லைக்குள் புகுந்த போட்டியாளனாகவும் கயோட்டி பார்ப்பதால், பெரிய நாய் வைத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

படி 2: அழைப்பை நிறுத்துதல்

சிக்காகோப் பகுதியில் காட்டுயிர் ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட் தலைமையிலான குழுவினர் கயோட்டியின் எச்சங்களை (மலத்தை) 1,400க்கு மேல் சேகரித்து ஆராய்ந்தபோது, 42 சதவீதமானவற்றில் எலி போன்ற சிறு கொறிவிலங்குகளும், ஏறத்தாழ ஒரு சதவீதமானவற்றில் மட்டுமே பூனையும் இருந்தன. லொஸ் ஏஞ்சலஸ் நகர்ப்புறத்தில் நடந்த ஆய்விலோ பூனையின் மிச்சங்கள் 20 சதவீதமான எச்சங்களில் இருந்தன. விலங்கு ஒன்றுதான், கைக்கெட்டும் தூரத்தில் எது கிடைக்கிறதோ அதை அது உண்கிறது. ஆகவே வெளியில் வைத்த நாய்ச்சாப்பாட்டுக் கிண்ணம், பழமரத்தின் கீழ் அழுகிக் கிடக்கும் பழங்கள், உணவுக் கழிவு போடும் பூட்டாத பச்சைத் தொட்டி, பறவைத் தீனிக்கூட்டிலிருந்து சிந்தி எலிகளை வரவழைக்கும் தானியம் ஆகிய அனைத்தையும் முதலில் அகற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இவற்றோடு காக்கைச் சோறும் இருந்தது. அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் அம்மா டெக்கின் (வீட்டின் பின்புற மரத்தளத்தின்) ஓரத்தில் வைத்த சோற்றைக் காகம் தின்றது பாதி, இரவில் எலி தின்றது மீதி, எலியைத் தேடி வந்தது கயோட்டி. 2023 ஏப்ரல் முதல் ரொறன்ரோ மாநகரசபையின் துணைவிதி தனியார் வளவிலும் காட்டுயிர்களுக்கு உணவு வைப்பதைத் தடைசெய்கிறது என்று எடுத்துச் சொன்ன பின்னரே அம்மா ஒருவாறு இணங்கினார்.

படி 3: வேலி

கயோட்டி உயர்ந்த வேலியை மான்போல் ஒரே தாவலில் கடப்பதில்லை. பின்னங்கால்களால் உந்தி எழும்பி, முன்னங்கால்களை வேலியின் மேல் விளிம்பில் கொளுவி, பலகையில் பின்னங்கால்களை உதைத்து உடலை மேலே இழுத்துக்கொள்கிறது. மேல் விளிம்பில் சுழலும் உருளை இருந்தால் முன்னங்காலுக்குப் பிடி கிடைக்காமல் அது வந்த பக்கமே விழுந்துவிடும். ரொறன்ரோவில் பின்வளவு வேலி இரண்டு மீற்றருக்கு மேற்படக் கூடாது. வழக்கமான ஆறடிப் பலகை வேலியின்மேல் உருளையைப் பொருத்தினால் ஏறத்தாழ 1.95 மீற்றர் வரும் என்பதால் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். பொது வேலியாயின் அயலவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றங்குல பிவிசி குழாயினுள் ஓரங்குலக் குழாயைச் செலுத்தி, உட்குழாயின் வழியே உருக்குக் கம்பிவடத்தைக் கோத்து, நான்கடிக்கு ஒன்றாக வேலியில் திருகிய எல் வடிவத் தாங்கிகளில் அந்த வடத்தைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தியவுடன் வெளிக்குழாய் தயங்காமல் சுழல வேண்டும். இரண்டு துண்டுகளுக்கு இடையே ஒரு பாதம் வைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும், வேலித் தூணின் தலை உருளைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் உங்கள் உழைப்பு வீண்தான். தூண் தலையை அறுத்துவிடுங்கள்.

அடிப்பக்கத்தில் தோண்டி நுழையாதிருக்க, பற்றவைத்த நாகமுலாம் கம்பிவலையை எல் வடிவில் மடித்து, வெளிப்பக்கமாக இரண்டடி நீளும்படி மண்ணில் புதைத்துவிட வேண்டும். கோழிவலை இதற்கு உதவாது. நிலம் உறைந்துவிட்டால் மண்வெட்டி இறங்காது என்பதால் நவம்பருக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

இவ்வளவையும் நான் ஒழுங்காகவே செய்திருந்தேன். அன்று காலை மிருக வைத்தியரிடமிருந்து திரும்பியதும் வேலியருகே போய்ப் பார்த்தேன். உருளையின்மேல் தொப்பிபோல் படிந்திருந்த பனி சற்றும் கலையாமல் அப்படியே இருந்தது. வெளிப்பக்கத்தில், ஓடையிலிருந்து வீசும் காற்று வேலியோடு ஒதுக்கி இறுக்கிய பனிமேட்டில் கால்தடங்கள் ஒரே நேர்கோட்டில் ஏறி வந்திருந்தன. உட்பக்கத்தில், டெக்கிலிருந்து நானே மாதக்கணக்காக வாரிக் கொட்டிய குவியலில் அதே தடங்கள் இருந்தன. ஆறடி வேலி அதன் காலடியிலிருந்து மூன்றடிதான் உயர்ந்திருந்தது. உருளையைத் தொடாமலே கடந்து வந்திருக்கிறது. அது உள்ளே இறங்குவதற்கும் மறுபடி ஏறிப் போவதற்கும் வேண்டிய படிக்கட்டை நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆதலால் வேலியின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். வேலியிலிருந்து ஐந்தடிக்குள் கயோட்டி கால் வைக்கக்கூடிய ஆக உயர்ந்த இடம் எதுவோ அதிலிருந்து அளந்து பாருங்கள். பனிக்குவியல் மட்டுமன்றி, விறகு அடுக்கு, பாபிகியூ அடுப்பு, உரத்தொட்டி, மடித்துச் சாய்த்த மேசை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இப்போது ஒவ்வொரு பெரிய பனிப்பொழிவுக்குப் பின்னரும் வேலியின் இருபுறமும் ஐந்தடி அகலத்துக்குப் பனியை விலக்குகிறேன். பனியை வாரி வீசும் இயந்திரம் இருந்தால் அரைமணி வேலை, மண்வாரி மட்டும் இருந்தால் இடுப்புவலி நிச்சயம்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அசைவைக் கண்டு தண்ணீர் பீச்சும் கருவி கோடையில் நன்றாக வேலை செய்தது, குளிர்காலத்தில் குழாயையே மூடிவிடுகிறோம். மீயொலி எழுப்பும் பெட்டியை இரண்டு வாரத்தில் தூக்கி எறிந்தேன். அசைவு விளக்கை வைத்திருக்கிறேன், ஆனால் அது கயோட்டியை விரட்டுவதற்கல்ல. கதவைத் திறக்குமுன் வளவை நான் பார்ப்பதற்கு.

படி 4: நாயும் பூனையும்

பூனை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நாயை இருட்டில் தனியே விடாதீர்கள், வேலிக்குள்ளும் கூடவே போங்கள். நடைக்குக் கொண்டுபோகும்போது ஆறடி நிலையான வாரைப் பயன்படுத்துங்கள். இழுக்க இழுக்க நீளும் வார் எனக்குச் சற்றும் பிடிக்காது. இருபதடி தூரத்தில் நிற்கும் சிறு நாய் உங்கள் பாதுகாப்பில் இல்லை.

படி 5: நேருக்கு நேர் வந்தால்

ஓடாதீர்கள். கயோட்டி மனிதரைத் தாக்குவது மிக அரிது; கனடாவில் அவ்வாறு உயிரிழப்பு நேர்ந்தது 2009 அக்டோபரில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில்தான். சிறு நாயைத் தூக்கிக்கொண்டு, முகத்தை அதன் பக்கமே திருப்பியபடி, உரத்த குரலில் அதட்டுங்கள். ஊதுகுழல், சில்லறை போட்டுக் குலுக்கும் தகரப்பேணி, படாரென்று விரியும் குடை ஆகியவை எல்லாம் பயன்படும். நான் சட்டைப்பையில் கொண்டுபோவது ஒரு கறுப்புக் குப்பைப்பை மட்டுமே. அதைக் காற்றில் ஓங்கி உதறினால் எழும் சத்தத்தை அவை விரும்புவதில்லை. முக்கியமாக, அது கண்ணைவிட்டு மறையும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் சத்தத்துக்குப் பழகிவிடும். குட்டிகள் உள்ள காலத்தில் அது போகாமல் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தால், அருகே குகை இருக்கிறது என்று பொருள். அப்போது விரட்டாமல், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி வேறு வழியால் போய்விடுங்கள்.

படி 6: கடித்துவிட்டால்

வெளியே இரண்டு சிறு துளைகள்தான் தெரியும். உள்ளே தசை நசுங்கியிருக்கலாம். எங்கள் நாய்க்கும் அப்படித்தான் இருந்தது, ரோமத்தை மழித்த பின்னரே காயத்தின் அளவு தெரிந்தது. உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிச் சான்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பின்னர் மாநகரசபையின் 311 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறிவியுங்கள். பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடும்படி கேட்பதில் பயனில்லை. ஒன்ராறியோ விதிப்படி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விட வேண்டும், காலியான எல்லைக்கு வேறொரு கயோட்டி வந்து சேரும்.

பின்சேர்க்கை 1: உறைமழைக்குப் பின் உருளை சுழலவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான்; இரண்டு குழாய்களுக்கும் இடையே நீர் புகுந்து உறைந்துவிடுகிறது. வெளிக்குழாயின் இரு முனைகளையும் துளையிட்ட மூடியால் அடைத்த பின் எனக்கு அந்தத் தொல்லை குறைந்தது. மீறி உறைந்தால் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும், ஓங்கி அடித்தால் குளிரில் பிவிசி வெடித்துவிடும். ஓடைப் பக்கத்துக்கு மட்டும் விலை கூடிய அலுமினிய உருளை வாங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பின்சேர்க்கை 2: காக்கைச் சோற்றைக் கராஜ் கூரையில் வைக்கலாமா என்று மூவர் கேட்டிருந்தனர். கூடாது, அணில் அதைக் கீழே தள்ளிவிடும், துணைவிதியும் கூரைக்கென்று விலக்கு அளிக்கவில்லை. எங்கள் அம்மா இப்போது படைத்த பிடியைச் சற்று நேரம் சாளரத்தின் உட்புறத்தில் வைத்துவிட்டு எங்களுக்கே பரிமாறுகிறார். காகம் மட்டும் இன்னும் டெக்கின் கைபிடியில் வந்து உட்கார்ந்து கரைகிறது.